தொட்டிக்குள் இறங்காதவர்கள்

பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து சின்னவர் சிடுசிடுவென்றுதான் இருந்தார்.

பழச்சாறு பிழிந்து புட்டியில் அடைத்து விற்கும் சின்னக் கம்பெனி அது. இயக்குநர்கள் மூன்று பேர். ஆர்டர், வங்கி, வாடிக்கையாளர் எல்லாம் அக்காவின் பொறுப்பு. இயந்திரம், ஆட்கள், சரக்கு எல்லாம் தம்பியின் பொறுப்பு. தொழிலாளிகள் அவரைத்தான் சின்னவர் என்பார்கள். மூன்றாவது இயக்குநர் அக்காவின் கணவர். அவருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கம்பெனியைப் பதிவு செய்தபோது இன்னொரு கையெழுத்து தேவைப்பட்டது, மனுஷன் சாப்பாட்டு மேஜையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், போட்டுவிட்டார். அதற்குப் பிறகு கம்பெனி வாசலை அவர் மிதித்ததே அபூர்வம்.

இப்போது காப்பீட்டுக்காரர்கள் ஒரு புது நிபந்தனை போட்டிருந்தார்கள். இயக்குநர்கள் அத்தனை பேரும் ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய் வந்தால்தான் காப்பீட்டைப் புதுப்பிப்பார்களாம்.

"பிறந்ததுலேருந்து மிஷினோட கிடக்கிறேன். எனக்கு எவனோ வந்து பாடம் எடுக்கணுமா?" என்றார் சின்னவர்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்டா. அவங்களுக்குத் தெரியணும்ல?" என்றாள் அக்கா.

"மச்சானும் வரணுமா? அவருக்கு நம்ம மிஷின் எந்தப் பக்கம் ஓடுதுன்னே தெரியாதே!"

"வரேன் மாப்பிள்ளை. ஏசி ரூம்னு சொன்னாங்க" என்றார் மச்சான் நிம்மதியாக.

மூன்று பேரும் இல்லாத நாளில் இயந்திரத்தை ஓட்ட சின்னவருக்கு மனசு வரவில்லை. ஆனால் ஆட்களைச் சும்மா உட்கார வைக்கவும் மனசு வரவில்லை. அதனால் அன்று காலை பட்டறைக்குப் போய், பின்கட்டில் இருக்கும் சக்கைத் தொட்டியைக் கழுவிவிடச் சொன்னார். தரைக்கு அடியில் கட்டிய சிமெண்டுத் தொட்டி அது. பிழிந்த பழத்தின் தோலும் சக்கையும் அதில் விழும். மாட்டுத் தீவனத்துக்காக லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அடியில் மிச்சம் நிற்கும் சகதியை ஆள் இறங்கித்தான் வழித்தெடுக்க வேண்டும். இந்த முறை லாரி பழுதாகி, சக்கை நெடுநாள் கிடந்துவிட்டது. முந்தின நாள்தான் மேல்சரக்கை எடுத்துப் போயிருந்தார்கள்.

வேலையை ஒப்படைத்தது இரண்டு பேரிடம்; மற்றவர்களுக்கு முன்கட்டில் புட்டி கழுவும் வேலை. ஒருவருக்குப் பட்டறையில் ஆமை என்று பெயர். கெட்டிக்காரர்தான், ஆனால் ஒரு திருகாணியைக் கழற்றுவதற்கு முன்னால் அதை ஆற அமரப் பார்த்து, துடைத்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் கழற்றுவார். இன்னொருவர் வக்கீல். கோர்ட்டு வாசலைக் கண்டவரில்லை. எதைச் சொன்னாலும் "அது எப்படிங்க?" என்று ஆரம்பிப்பதால் வந்த பெயர்.

"போன தடவை இறங்கினது நான். இந்தத் தடவை ஆமைதான் இறங்கணும். அதுதானே நியாயம்?" என்று வக்கீல் அப்போதே தொடங்கிவிட்டார்.

"யாரோ ஒருத்தர் இறங்குங்கய்யா. நான் சாயங்காலம் வந்து பார்க்கும்போது தொட்டி பளிச்சுனு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு சின்னவர் கிளம்பினார்.

*

பயிற்சி நடந்த இடம் ஒரு நூலகத்தின் மாடி. மடக்கு நாற்காலிகள், மூலையில் ஒரு தண்ணீர்க் குடுவை, சுவரோடு சாய்த்து வைத்த இரண்டு தீயணைப்பு உருளைகள். ரொட்டிக்கடை நடத்தும் அண்ணன் தம்பி, அச்சகம் வைத்திருக்கும் ஒரு தம்பதி, இன்னும் சில சின்னக் கம்பெனிக்காரர்கள். எல்லோர் முகத்திலும் ஒரே கேள்விதான் எழுதியிருந்தது: எப்போது விடுவார்கள்?

பாடம் நடத்த வந்த அம்மா குள்ளமாக, கனத்த குரலோடு இருந்தார். தலைமுடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்தார். வாசலிலேயே ஒரு பிஸ்கட் டின்னை நீட்டி, எல்லோருடைய போனையும் அதில் போடச் சொன்னார்.

"அவசரம்னா?" என்று கேட்டார் சின்னவர்.

"நீங்க இல்லாம உங்க கம்பெனி அரை நாள் நடக்காதுன்னா, அதுதான் முதல் ஆபத்து" என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். சின்னவர் சிரிக்கவில்லை, போனை மட்டும் போட்டார்.

முதலில் சட்டம் வந்தது. விபத்து நடந்தால் இயக்குநர் என்று கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் பொறுப்பு, பட்டறைப் பக்கம் போனதே இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்றார். கண்ணை மூடி ஏசியை அனுபவித்துக்கொண்டிருந்த மச்சான் அந்த இடத்தில் விழித்துக்கொண்டார்.

"என்னை ஏன் இதுல மாட்டிவிட்டே?" என்று அக்காவின் காதில் கேட்டார்.

"கையெழுத்துப் போடும்போது படிச்சிருக்கணும்" என்றாள் அக்கா.

பிறகு ஏணி, மின்கம்பி, தூக்குச் சுமை என்று போய்க்கொண்டிருந்தது. சின்னவர் கொட்டாவியை அடக்கியபடி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா பலகையில் ஒரு சதுரம் வரைந்தார். மேலே சின்னதாக ஒரு மூடி. உள்ளே ஒரு குச்சி மனிதன்.

"உங்க இடத்துல மூடி போட்ட குழி, தொட்டி, பள்ளம் ஏதாவது இருக்கா? யோசிச்சுப் பாருங்க. அதுக்குள்ள ஆள் இறங்குவாங்களா?"

ரொட்டிக்கடை அண்ணன் மாவுக் கொப்பரை என்றார். சின்னவர் சன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"காய்கறி, பழம், தானியம், சாணி, எதுவா இருந்தாலும் சரி, மூடி வச்சா புளிக்கும். புளிச்சா ஒரு காத்து வரும். கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காத்துக்குன்னு ஒரு வாசனையும் கிடையாது. நம்ம மூச்சுக்காத்தைவிட கனம். அதனால தண்ணி மாதிரி அடியில போய்த் தேங்கி நிக்கும். மேலேருந்து பார்த்தா தொட்டி காலியா இருக்கும். ஆனா அது காலி இல்ல, நிறைஞ்சிருக்கு. இறங்குற ஆளுக்கு ரெண்டு மூச்சு போதும். கத்தக்கூட நேரம் இருக்காது."

சின்னவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுல கொடுமை என்னன்னா" என்று அந்த அம்மா பலகையில் இன்னொரு குச்சி மனிதனை வரைந்தார். "மேல நிக்கிறவன் பார்த்துக்கிட்டு நிக்க மாட்டான். மயங்கிட்டான் போலிருக்கேன்னு இவனும் குதிப்பான். அண்ணன் விழுந்தா தம்பி குதிப்பான். பல இடத்துல ஒரு சாவோட போகாம ரெண்டு, மூணு ஆகுறது இப்படித்தான். நல்ல மனசு இருக்கிறவன்தான் ரெண்டாவதா சாகுறான்."

சின்னவர் சட்டெனத் திரும்பினார். கை தானாக அக்காவின் முழங்கையைப் பிடித்தது.

"என்னடா?"

"அக்கா. சக்கைத் தொட்டி. இன்னைக்குக் கழுவச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அக்காவுக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. சின்னவர் எழுந்த வேகத்தில் மடக்கு நாற்காலி மடங்கி விழுந்தது.

"மேடம், என் போன். என் ஆளுங்க உள்ள இறங்கியிருப்பாங்க."

அந்த அம்மா ஒரு வார்த்தை வீணாகக் கேட்கவில்லை. டின்னைத் தூக்கி மேஜையில் கவிழ்த்தார்.

*

ஆமையின் எண்ணுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வக்கீலின் எண், அதுவும் அப்படியே. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. முன்பு ஒருவனுடைய போன் சாறு அண்டாவில் விழுந்து முழுச் சரக்கும் பாழானதிலிருந்து, வேலை நேரத்தில் எல்லோருடைய போனையும் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னது அவர்தான். அலுவலகத்தில் இன்னொரு போன் உண்டு. எடுப்பதற்குத்தான் ஆள் கிடையாது. எடுக்க வேண்டிய அக்காவும் அவரும் இங்கே நிற்கிறார்கள்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா? சத்தம் போட்டா கேக்குற தூரத்துல?" என்று கேட்டார் அந்த அம்மா.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஆள் உண்டு. வெல்டிங் கடைக்காரர். சரக்கு லாரி அவருடைய கேட்டை மறித்து நிற்கிறது என்று ஆரம்பித்த சண்டை, வளர்ந்து வளர்ந்து, அவர் தெருவில் நின்று "இனிமே உங்க வாசலை மிதிச்சா என் காலை வெட்டிக்கிறேன்" என்று சபதம் போடும் அளவுக்குப் போயிருந்தது. அக்காவும் சளைத்தவளில்லை, பதிலுக்கு அவள் பேசியதைக் கேட்டு எதிர்வீட்டுச் சன்னல்கள் சாத்தப்பட்டன. அதற்குப் பிறகு முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்வதில்லை.

அவருடைய எண் அக்காவின் போனில் 'தொல்லை' என்ற பெயரில் இருந்தது. அக்கா தயங்கவே இல்லை. அடித்தாள்.

"யாரு?"

"நான் பக்கத்துப் பழச்சாறுக் கம்பெனி. அண்ணே, போனை வச்சுடாதீங்க."

"என்ன, இப்போ புதுசா என்ன? உங்க லாரி இன்னும்..."

"அண்ணே, சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். எங்க பின்கட்டுத் தொட்டியில ஆள் இறங்கப் போறாங்க. உள்ள விஷக்காத்து இருக்கு. உடனே ஓடிப்போய் நிறுத்துங்க."

அந்த அம்மா போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "யாராவது ஏற்கெனவே உள்ள இருந்தா நீங்க இறங்கக் கூடாது. யாரையும் இறங்க விடாதீங்க. தீயணைப்புக்குச் சொல்லுங்க" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

*

அந்த அம்மா வகுப்பைத் தன் உதவியாளரிடம் விட்டுவிட்டு, ஒரு மஞ்சள் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். போவதற்கு மச்சானின் கார்தான் இருந்தது. கூரையில் 'பயிற்சி வாகனம்' என்ற பலகை, இரண்டு பக்கமும் பிரேக் உள்ள கார்.

மச்சான் வாழ்க்கையில் ஒருநாளும் வேகமாக ஓட்டியவரில்லை. அன்றும் ஓட்டவில்லை. பெல்ட்டைப் போட்டார், கண்ணாடியைச் சரிபார்த்தார், எல்லோரும் பெல்ட் போட்டாயிற்றா என்று திரும்பிப் பார்த்தார்.

"மச்சான், அங்க உயிர் போய்க்கிட்டிருக்கு!"

"இங்கே நாலு உயிர் இருக்கு மாப்பிள்ளை. நாம போய்ச் சேரணும்ல?" என்றார் மச்சான். குரல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டீரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்ததை சின்னவர் பார்த்தார்.

சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் கார் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சின்னவருக்கு ஆமையின் முகம் வந்தது. கல்யாணம் ஆகி நெடுநாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது என்று அந்த மனுஷன் போன வாரம் சொல்லியிருந்தார். அதைக்கூட ஆமை ஒரு மணிநேரமாகச் சொன்னார் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். இவரும் செய்தார். 'யாரோ ஒருத்தர் இறங்குங்கய்யா' என்று தான் சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ ஒருத்தர். அப்படித்தான் சொன்னார், வாசலைப் பார்த்து நடந்துகொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல்.

பின்னால் அக்கா விடாமல் வெல்டிங் கடைக்கு அடித்துக்கொண்டிருந்தாள். "எடுங்கண்ணே, எடுங்கண்ணே" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

தெருமுனை திரும்பியதும் கம்பெனி வாசலில் கூட்டம் தெரிந்தது. தொழிலாளிகள், எதிர்வீட்டுக்காரர்கள், வெல்டிங் கடைப் பையன்கள். எல்லோரும் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கார் நிற்பதற்குள் சின்னவர் கதவைத் திறக்கப் போனார். மச்சான் தன் கையால் அவர் தோளைப் பிடித்து அழுத்தி, நின்ற பிறகுதான் விட்டார்.

ஓடினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

அங்கே தொட்டியின் இரும்பு மூடி மூடியிருந்தது. அதன்மேல், முழங்கால் இரண்டையும் அகட்டிப் போட்டுக்கொண்டு, முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றியபடி, சட்டமாக வெல்டிங் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே வக்கீல் நின்று, "அது எப்படிங்க? எங்க முதலாளி சொன்ன வேலையை நிறுத்த நீங்க யாரு? உங்களுக்கு என்ன அதிகாரம்?" என்று குரல் கம்மக் கம்ம வாதாடிக்கொண்டிருந்தார். சுவரோரத்தில் ஆமை. ஒரு காலில் ரப்பர் பூட்ஸ் போட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே தேள் ஏதும் இருக்கிறதா என்று நிதானமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவர் நின்றார். போய் ஆமையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பூட்ஸும் கையுமாக ஆமை திகைத்துப்போனார்.

"இப்போ இறங்கிடறேங்க. பூட்ஸைத் தேடுறதுல கொஞ்சம் லேட்டாயிடுச்சு. வக்கீல் வேற யார் முறைன்னு பஞ்சாயத்து வச்சு காலையிலேயே நேரத்தைத் தின்னுட்டாரு. கோவிச்சுக்காதீங்க" என்றார் அவர், திட்டு விழப்போகிறது என்று நினைத்து.

"கோவமா?" என்றார் சின்னவர். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெல்டிங் கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. "உங்க ஆளு சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நான் வந்தப்போ மூடியைத் திறந்து ஏணியை இறக்கியாச்சு. நான்தான் ஏணியை வெளியே இழுத்துப் போட்டு மூடினேன். எழுந்தா மறுபடி திறந்துடுவாரு. அதான் பையனை அனுப்பியிருக்கேன், வெல்டிங் செட்டைக் கொண்டாரச் சொல்லி. மூடியைச் சுத்திப் பத்தவச்சு ஒட்டிடலாம்னு."

பயிற்சி அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அதை மட்டும் செஞ்சுடாதீங்க. மூடின தொட்டியில நெருப்பு வைக்கிறது எங்க அடுத்த பாடம்."

முதலில் சிரித்தது மச்சான். பிறகு அக்கா. பிறகு அந்தப் பின்கட்டே சிரித்தது. அக்கா சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அந்த அம்மா மூடியைக் கொஞ்சம் நகர்த்தினார். பெட்டியிலிருந்து கையடக்கமான ஒரு கருவியை எடுத்துக் கயிற்றில் கட்டி மெல்ல உள்ளே விட்டார். பாதி ஆழம்கூடப் போயிருக்காது. கருவி கீச்சுக்கீச்சென்று அலறத் தொடங்கியது. இன்னும் இறக்க இறக்க அலறல் கூடிற்று. சிரிப்பு நின்றுபோயிற்று.

"மனுஷன் மூச்சு விடுற காத்து அடியில இல்லவே இல்ல" என்றார். "போன தடவையெல்லாம் சக்கை புதுசா இருந்திருக்கும். பிழைச்சீங்க."

ஆமை கருவியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கையிலிருந்த பூட்ஸை மெதுவாகத் தரையில் வைத்தார். "என் பொண்ணுக்குப் பல்லு..." என்று ஏதோ ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

வக்கீல் ஓரடி முன்னால் வந்தார். "அப்போ நான் இறங்க மாட்டேன்னு சொன்னது சரிதானுங்களே?"

"ரொம்பச் சரி. காரணம்தான் தப்பு" என்றார் அந்த அம்மா. பிறகு சின்னவர் வக்கீலிடம் கேட்டார், கேட்காமல் இருக்க முடியாமல்:

"ஆமை உள்ள இறங்கி மயங்கி விழுந்திருந்தா நீ என்ன செஞ்சிருப்பே?"

"இதென்ன கேள்வி? குதிச்சிருப்பேன். அவனை அங்க போட்டுட்டு மேல நின்னு வேடிக்கை பாப்பேனா?"

காலையெல்லாம் முறைக்காக மல்லுக்கு நின்ற மனுஷன் இதை ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார். சின்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அவர் முதுகில் கை வைத்தாள், எடுக்கவில்லை.

*

அன்றைக்கு அதற்குமேல் வேலை நடக்கவில்லை. மூடிக்குப் பூட்டுப் போட்டார்கள். தொட்டியைச் சுத்தம் செய்யக் காற்றூதியும் கருவியும் கயிறும் உள்ள ஆட்கள் தனியாக இருக்கிறார்கள் என்று அந்த அம்மா சொல்ல, அக்கா அப்போதே அவர்களைக் கூப்பிட்டுப் பேசினாள். சகதியை ஆள் இறங்காமலேயே மேலிருந்து அலசி உறிஞ்சி எடுக்க வழி உண்டு என்று அவர்கள் சொன்னதும், "இத்தனை நாளா இதை யாருமே சொல்லலையே" என்றாள். "நாம யாரையும் கேக்கலையேக்கா" என்றார் சின்னவர்.

பிறகு தொழிலாளிகள் எல்லோரையும் முற்றத்தில் உட்கார வைத்தார். பேச்சு அவருக்கு வராது. தட்டுத் தடுமாறித்தான் சொன்னார்.

"இனிமே யாருக்காவது ஒரு வேலை பயமா இருந்தா, சந்தேகமா இருந்தா, நிறுத்திடுங்க. நான் சொன்னதா இருந்தாலும் நிறுத்துங்க. திட்ட மாட்டேன்."

"திட்டினீங்கன்னா?" என்றார் வக்கீல்.

"திட்டினாலும் நிறுத்துங்க."

"இது எல்லாருக்கும் உண்டா, இல்ல..."

"எல்லாருக்கும்தான்யா!" என்று சின்னவர் கத்தினார். கத்தியதற்குத் தானே சிரித்துவிட்டார்.

வெல்டிங் கடைக்காரர் கிளம்பும்போது அக்கா வாசல்வரை கூடவே போனாள். மனுஷன் நிலைப்படியில் நின்று தன் கால்களைக் குனிந்து பார்த்தார். "சபதம் போட்டது மறந்தே போச்சு பாருங்க" என்றார்.

"காலு பத்திரமா இருக்கட்டும்ண்ணே. லாரி இனி உங்க கேட்டுப் பக்கம் நிக்காது" என்றாள் அக்கா. அவர் போன பிறகு போனை எடுத்து, அந்தப் பழைய பெயரை அழித்துவிட்டு, என்ன போடுவது என்று கொஞ்சம் யோசித்து, 'அண்ணன்' என்று போட்டாள்.

பயிற்சி அம்மா நூலகத்துக்குத் திரும்ப வேண்டும். மச்சான்தான் கொண்டுபோய் விட வேண்டும். காரில் ஏறும்போது அந்த அம்மா சொன்னார்: "மூணு பேரும் பாதி வகுப்புதான் முடிச்சிருக்கீங்க. அடுத்த வாரம் வந்து மிச்சத்தை முடிக்கணும். இல்லேன்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

"வரோம் மேடம்" என்றார் சின்னவர். "முன் வரிசையில இடம் வைங்க."

கார் போய்விட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். அந்த வார்த்தை எவ்வளவு கனமானது என்று சின்னவருக்கு அன்றுதான் தெரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்கா உள்ளே போய்த் தட்டில் எதையோ போட்டுக்கொண்டு வந்தாள். கவிழ்த்துப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் கூடைகளில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பட்டறைக்குள் யாரோ எதற்கோ உரக்கச் சிரிக்கும் சத்தம் கேட்டது. யார் என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. சிரிக்கிறார்கள், அது போதும் என்றிருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டாள் அக்கா.

"போடு" என்று தட்டை நீட்டினார்.